நூறு வாற் ஆணவம்

மின்கிற்றார் வாசிப்போர் நடுவே ஒரு சாதிப் பிரிவினை உண்டு. அதனைப் பிறப்பு வகுக்கவில்லை, வாற் வகுக்கிறது. 5 வாற் பெட்டி வைத்திருப்பவன் கற்றுக்குட்டி. 20 வாற் வைத்திருப்பவன் பொழுதுபோக்குக்காரன். 100 வாற் வால்வு அம்பிளிபயரையும் அதன் கீழே ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருப்பவன் மட்டுமே மெய்யான கலைஞன். எழுதப்படாத இந்தச் சட்டத்துக்கு வரலாற்றில் இன்று ஆதாரமில்லை, பௌதிகவியலில் ஆதாரமில்லை, இசையிலும் ஆதாரமில்லை என்பதே என் வாதம்.

"கிற்றார் வாசிக்காத உமக்கு இதில் என்ன கட்சி?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒலி என்பது வாசிப்பவனின் தனிச்சொத்து அன்று. அது சுவரைத் தாண்டுகிறது. ஆகவே, கேட்பவனுக்கும் இவ்வழக்கில் கட்சி உண்டு.

முதலில் வரலாறு. மேற்கு லண்டனின் ஹன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மன் அம்பிளிபயரை முன்மாதிரியாகக் கொண்டு 1962 இல் தமது முதலாவது அம்பிளிபயரை உருவாக்கினார். மூன்று ஆண்டுகளில், 'த ஹூ' குழுவின் பீற் டவுன்ஷென்டும் ஜோன் என்ட்விசிலும் அதனிலும் உரத்த ஒன்றைக் கேட்டு வந்தார்கள். நூறு வாற் மார்ஷல் பிறந்தது அப்போதுதான். டவுன்ஷென்டுக்காக எட்டு ஒலிபெருக்கிகளை ஒரே பெட்டிக்குள் அடக்கிச் செய்தார்கள். அதைச் சுமந்து திரிந்த பணியாளர்களின் முதுகு முறிந்ததால் அது இரண்டு பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டது. இன்று கலைச்சின்னமாக வணங்கப்படும் அந்த அடுக்கின் வடிவத்தைத் தீர்மானித்தது சுமைகூலிக்காரரின் முறைப்பாடே.

ஏன் அவ்வளவு வலு தேவைப்பட்டது? அன்றைய மண்டபங்களின் பொது ஒலிபரப்புச் சாதனங்கள் பாடகரின் குரலைக் கொண்டுசெல்வதற்கே திணறின. கிற்றார்க்காரன் தன் ஒலியைத் தன் பெட்டியிலிருந்தே மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எறிய வேண்டியிருந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயோர்க் ஷே விளையாட்டரங்கில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இரசிகர் முன் பீற்றில்ஸ் குழுவினர் வாசித்தபோது, வொக்ஸ் நிறுவனம் அவர்களுக்கென்றே 100 வாற் அம்பிளிபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் இரசிகரின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. நூறு வாற் என்பது ஒரு குறைபாட்டுக்குத் தேடப்பட்ட அவசர மருந்து. அந்த நோய் அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. இன்று எந்தப் பெரிய மேடையிலும் அம்பிளிபயரின் முன்னே ஓர் ஒலிவாங்கி நிற்கிறது. மண்டபத்தை நிரப்புவது பொது ஒலியமைப்பின் வேலை. நோய் போனபின்பும் மருந்தைக் குடித்துக்கொண்டிருப்பவனை நாம் என்னவென்று அழைப்போம்?

அடுத்தது கணக்கு. வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் உயர்வது 3 டெசிபெல் மட்டுமே. மனிதச் செவிக்கு ஓர் ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே 100 வாற் அம்பிளிபயர் 50 வாற் அம்பிளிபயரைவிட இருமடங்கு உரத்ததன்று. சற்றே உரத்தது, அவ்வளவுதான். அதன் பாதி உரப்பை 10 வாற் பெட்டி தந்துவிடும். மிகுதித் தொண்ணூறு வாற்றுக்கும் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இரும்புக்கும் செம்புக்கும் வெப்பத்துக்கும் போகிறது. இவ்வகை அம்பிளிபயர்களில் பரவலாகப் பயன்படும் ஈ.எல். 34 வால்வுகள் நான்கின் இழைகளைச் சூடாக்குவதற்கு மட்டும், ஒரு சுரம் பிறக்கும் முன்பே, ஏறத்தாழ 38 வாற் செலவாகிறது.

இனி, அவர்களது பிரதான வாதத்துக்கு வருவோம். "வால்வு உச்சத்தில் வேலை செய்யும்போதுதான் அதன் நாதம் மலரும்" என்பார்கள். உண்மை. வலு வால்வுகள் தம் எல்லையைத் தொடும்போது ஒலியலையின் முகடுகள் மெல்ல மழுங்கி, புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. றொக் இசையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால், இந்த உண்மையே அவர்களுக்கு எதிரான சாட்சி. நூறு வாற் அம்பிளிபயரை அந்த எல்லைக்குக் கொண்டுபோனால் வீட்டுக்குள் எவரும் இருக்க முடியாது. அதனால் பாதிப்பேர் அதனை முதலாவது கோட்டுக்கு மேலே திருப்புவதேயில்லை. மீதிப்பேர் அதன் வலுவை இடையில் உறிஞ்சி வெப்பமாக்கும் கருவியொன்றையும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். யானையை வாங்கி, அது நடக்காமலிருக்கச் சங்கிலியும் வாங்குவது போன்றது இது. மார்ஷல் நிறுவனமே 1975 இல் தன் நூறு வாற் அம்பிளிபயருக்கு முதன்மை ஒலிக்கட்டுப்பாடு ஒன்றைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. எடி வான் ஹேலன் தமது நூறு வாற் மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தே தமக்கு வேண்டிய நாதத்தைப் பெற்றார். பக்தர்கள் கும்பிடும் நாயகரே அந்த விக்கிரகத்தின் கழுத்தை நெரித்துத்தான் பாட வைத்தார்!

இசைத்தட்டுகளும் வேறு கதை சொல்லவில்லை. 1970 இல் வெளிவந்த 'லைலா' தொகுப்பில் எரிக் கிளப்ரன் பயன்படுத்தியது 5 வாற் அளவிலான ஃபென்டர் சாம்ப் என்னும் சிறிய பெட்டி. லெட் செப்பலின் குழுவின் 1969 ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் ஜிமி பேஜ் வாசித்தது ஒரு சிறிய சுப்ரோ அம்பிளிபயரில். மலை சரிவது போன்ற ஒலி என்று உலகம் வியந்தவற்றுள் இவையும் அடங்கும். ஒலிவாங்கிக்குப் பெட்டியின் உயரம் தெரியாது.

இதுவரை சொன்னது பணத்தையும் பெருமையையும் பற்றியது. இனிச் சொல்வது உடலைப் பற்றியது. நல்ல கிற்றார் ஒலிபெருக்கி ஒன்று, வெறும் 1 வாற் வலுவில், 1 மீற்றர் தொலைவில், 97 முதல் 100 டெசிபெல் வரை ஒலிக்கிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவகம் 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் வரையறுத்திருக்கிறது. அக்கணக்கில் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம் மட்டுமே. ஒரு வாற்றுக்கே கதி இதுவானால் நூறு வாற்றுக்கு எது? உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கிளப்ரன் தமது செவி மங்கி வருவதையும் காதிரைச்சலையும் 2018 இல் வெளிப்படையாகச் சொன்னார். டவுன்ஷென்ட் தமது செவிப் பாதிப்புக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் தலையணிக் கேட்பிகளையே அதிகம் குறைகூறினார் என்பதையும் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். காரணம் எதுவாயினும் குற்றவாளி ஒன்றே: அளவு கடந்த உரப்பு. 1976 இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 'த ஹூ' குழு எழுப்பிய 126 டெசிபெல்லைச் சாதனையாகப் பதிந்த கின்னஸ் புத்தகம், செவிகளைக் கெடுக்க ஊக்கமளிக்கலாகாது என்று பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது.

நியாயமான விதிவிலக்கு ஒன்று உண்டு. சிறிதும் பிசிறில்லாத தூய ஒலி வேண்டுவோருக்கு மிகுவலு பயன்படும். 85 வாற் ஃபென்டர் ட்வின் ரிவேர்ப் அத்தகையது. உரத்த பறைகளின் நடுவிலும் அது சிதறாமல் நிற்கும். அந்தத் தேவை உள்ளவர் வாங்கட்டும். என் வழக்கு தேவையுள்ளவரோடு அன்று. தேவையைப் பெருமையென்று மயங்குபவரோடு.

இந்த மயக்கம் வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதென்று நாம் நகைக்க வேண்டாம். கோயில் திருவிழாவுக்குக் கூம்பு ஒலிபெருக்கி கட்டும்போது எத்தனை கட்டுவது என்பதில் பக்தியைவிடப் போட்டியே முந்தி நிற்பதை நம் ஊர்களில் யாரும் மறுக்க மாட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் முதியவரும் அந்தப் பக்தியின் விலையைச் செலுத்துகிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007 இல் சொல்ல நேர்ந்தது எதனால்? கேட்க விரும்பாதவனின் செவியையும் சட்டம் காக்க வேண்டியிருந்தது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் நம் பிள்ளைகள் மின்கிற்றார் பழகுகிறார்கள். மகிழ்ச்சியே. அவர்களுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் அவர்களுக்கும் நான் சொல்வது இது: வால்வின் நாதம் வேண்டுமாயின் வால்வையே வாங்குங்கள், ஆனால், 5 வாற்றில் வாங்குங்கள். அதனை முழுமையாகத் திறந்து வாசியுங்கள். அப்போதும் செவிக்காப்பு அணியுங்கள். ஐந்து வாற்றும் ஓர் அறைக்குப் போதுமானதற்கு மேல்தான். மிச்சப்படும் பணத்தில் நல்லதோர் ஆசிரியரைத் தேடுங்கள். விரல்களில் இல்லாத இசையை எந்த மின்மாற்றியும் பெருக்கித் தந்ததில்லை. இல்லாததை நூறால் பெருக்கினாலும் விடை பூச்சியமே.