எத்தனை பேரில் ஐந்து பேர்?

மருந்தோ மந்திரமோ, "ஐந்து பேருக்குப் பலித்தது" என்றால் போதும், நம் மக்கள் கைகூப்பி விடுகிறார்கள். "எத்தனை பேரில்?" என்று கேட்கும்படி நாம் வேண்டுகிறோம்.

டப்ளினில் பீர் வடிக்கும் கின்னஸ் கம்பெனியில் வேலை பார்த்த காஸெட் என்பவர், 1908-ல் "மாணவன்" என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் ஒரு தூக்க மருந்தை எடுத்துக் கொண்டார். 10 நோயாளிகள் சராசரி முக்கால் மணி நேரம் கூடுதலாய்த் தூங்கினார்களாம். பிரித்துப் பார்த்தாலோ, கூடுதலாய்த் தூங்கியவர் 5 பேர், குறைந்தவர் 4 பேர், மாறுதலில்லாதவர் ஒருவர்!

அவர் வகுத்த கணக்கைக் கொண்டு இன்று சோதிக்கும் முறை இதுதான்: மருந்துக்குச் சக்தியே இல்லையென்று முதலில் வைத்துக்கொள்வது, பிறகு, ஆளுக்கு ஆள் உள்ள ஏற்றத்தாழ்வையும் ஆட்களின் தொகையையும் பார்த்து, இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே எத்தனை தடவை வரக்கூடும் என்று கணக்கிடுவது. இம்மருந்துக்கு அது 100-க்குச் சுமார் 22 தடவை. எனவே ருசுவாகவில்லை. அதே கட்டுரையிலுள்ள மற்றொரு மருந்துக்குச் சராசரி 2.33 மணி, தற்செயலாய் வருவது 1000-க்குச் சுமார் 5 தடவையே. இதை ஒப்புக்கொள்ள நமக்கு ஆக்ஷேபணையில்லை.

ருசுவாகாதது பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ருசுப்படுத்தும் பொறுப்பு, பலிக்குமென்று சொல்லிக் காசு வாங்குகிறவனுடையதே யொழிய, சந்தேகப்படுகிறவனுடையதல்ல என்பதே நமதபிப்பிராயம்.