சீனமும் தான்சானியாவும்: ஒரு கடன் கணக்கு

கடன் கொடுப்பவன் எத்தகையவன் என்று விசாரிப்பதைவிடக் கடன் பத்திரத்தின் ஷரத்துக்கள் எத்தகையவை என்று வாசிப்பதே நம் உத்தியோகத்தில் நாம் பழகிய வழி. ஆண்டு முழுதும் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டி வரும் நமக்கு, ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் பெறும் கடனும் ஏறக்குறைய அவ்வண்ணமே தோன்றுகிறது. சீனம் ஆப்பிரிக்காவை விழுங்கிவிட்டது என்று ஒரு சாராரும், சீனமே ஆப்பிரிக்காவின் உற்ற தோழன் என்று மற்றொரு சாராரும் எழுதி வருகின்றனர். இரு சாராரும் கணக்கைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பருத்தி விளைவிப்போரும் கூட்டுறவுச் சங்கங்களும் மிகுந்த தான்சானியாவை எடுத்துக்கொண்டு, அந்நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலை நம் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1961 டிசம்பரில் விடுதலை பெற்ற டாங்கனிகாவும், 1964 ஜனவரியில் புரட்சி கண்ட ஜான்ஜிபார் தீவும் அவ்வாண்டு ஏப்ரலில் ஒன்றுபட்டுத் தோன்றியதே தான்சானியா. அதன் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே 1965 பிப்ரவரியில் சீனம் சென்றார். ஜூன் மாதம் சீனப் பிரதமர் சூ என்லாய் டார் எஸ் சலாம் வந்து சேர்ந்தார். நைரேரே சீனரின் கொள்கையைக் கைக்கொண்டவர் அல்லர். எவர் பக்கமும் சாயாமல் நிற்க முயன்றவர். ஆனால் அவ்வாறு நிற்பதற்கும் ஒரு விலை இருந்தது. ரொடீஷியாவில் சிறுபான்மை வெள்ளையர் 1965 நவம்பரில் தாமாகவே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டபோது, பிரிட்டன் அதை அடக்கவில்லை என்று கண்டித்துத் தான்சானியா அந்நாட்டுடன் உறவை முறித்துக்கொண்டது. பிரிட்டன் தருவதாக இருந்த 75 லட்சம் பவுன் கடன் அத்துடன் நின்றது. ஏழை நாடொன்று தன் மானத்துக்காகக் கொடுத்த தொகை இது என்று நாம் கருதுகிறோம்.

அண்டை நாடான ஜாம்பியாவுக்கோ கடற்கரையே இல்லை. அதன் செம்பு ரொடீஷியா வழியாகவே துறைமுகம் செல்ல வேண்டியிருந்தது. வடக்கே டார் எஸ் சலாமுக்கு ஓர் இருப்புப்பாதை வேண்டுமென்று இரு நாடுகளும் கேட்டன. உலக வங்கி இலாபம் தராது என்று கைவிரித்தது; மேலை நாடுகளும் முன்வரவில்லை. சீனம் முன்வந்தது. 1967-இல் உடன்பாடு, 1970-இல் 98.8 கோடி யுவான் கடன். வட்டி கிடையாது, தவணைகளோ முப்பதாண்டுக் காலத்தில் செலுத்தத்தக்கவை. அக்காலத்தில் சீனமே ஏழை நாடு என்பதை மறக்கலாகாது. 1,860 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைக் காடும் மலையும் சதுப்பும் கடந்து ஐந்தாறு ஆண்டுகளில் போட்டு முடித்து, 1976 ஜூலையில் இரு நாடுகளிடமும் ஒப்படைத்தனர். பல்லாயிரம் சீனத் தொழிலாளர்கள் வந்து உழைத்தார்கள். அவர்களில் அறுபதுக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். டார் எஸ் சலாமுக்கு அருகே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உதவி செய்ய வரும் நிபுணர்கள் உள்ளூர் நிபுணர்களுக்கு மேலான வசதி கோரலாகாது என்று சூ என்லாய் 1964-இல் கானா நாட்டில் அறிவித்த விதி, இங்கே பெரும்பாலும் கடைப்பிடிக்கப்பட்டது. இதை மனமாரப் பாராட்டவேண்டும்.

நிற்க. அந்தக் கடன் பத்திரத்தில் நம் நெசவாளர்கள் கூர்ந்து நோக்கத்தக்க ஷரத்து ஒன்று உண்டு. தண்டவாளமும் எஞ்சினும் சீனத்திலிருந்து வந்துவிடும். உள்ளூர்க் கூலிக்கும், உள்ளூர்ச் செலவுக்கும் பணம் எங்கிருந்து வருவது? அதற்காகச் சீனச் சரக்கைத் தான்சானியாவும் ஜாம்பியாவும் கடனாகத் தருவித்து, தங்கள் அரசாங்க வாணிக நிறுவனங்கள் மூலம் கடைகளில் விற்று, வரும் ரொக்கத்தைக் கட்டுமானத்துக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, மண் வெட்டிய தொழிலாளி வாங்கிய கூலியின் ஒரு பகுதி, அந்நாட்டுக் குடியானவன் சீனத் துணியும் சீனப் பாத்திரமும் வாங்கக் கொடுத்த காசே ஆகும். வட்டி இல்லை என்பது மெய். ஆனால் சந்தையில் இடம் பிடித்த சரக்கு, கடன் தீர்ந்தவுடன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. இந்த ஏற்பாட்டை வஞ்சகம் என்று நாம் சொல்லவரவில்லை. அன்னியச் செலாவணி இல்லாத இரு தரப்பினர் கண்டுபிடித்த புத்திசாலித்தனமான வழியே அது. இருப்பினும் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடனை மலிவு என்று தீர்மானிப்போர் இந்த ஷரத்தைப் படிக்க வேண்டும்.

அதே காலத்தில் சீனர் டார் எஸ் சலாமில் ஒரு பஞ்சாலையும் அமைத்துக் கொடுத்தனர். நூற்பு, நெசவு, சாயம், அச்சு ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் நடக்கும் ஆலை. 1968-இல் நைரேரே அதைத் திறந்து வைத்தார். பெயர் 'உராஃபிக்கி', சுவாஹிலி மொழியில் நட்பு என்று பொருள். விக்டோரியா ஏரியின் தென்பக்கத்தில் விளையும் பருத்தி, கப்பலேறிப் போகாமல், தன் நாட்டிலேயே துணியாவதற்கு வழி பிறந்ததென்று மக்கள் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சி நியாயமானதே. அப்பருத்திக் குடியானவர்கள் முன்பே கூட்டுறவில் தேர்ந்தவர்கள். இந்திய வியாபாரிகளின் தராசில் நம்பிக்கை இழந்து, 1950-களில் தாமே சங்கங்களை அமைத்து, தாமே நிறுத்து, அரவை ஆலைகளையும் நடத்தியவர்கள். இவ்விடத்தில் தராசு பிடித்தவர் நம் நாட்டவர் என்பதை எழுதச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

ஆனால் நடந்தது என்ன? இருப்புப்பாதை கைக்கு வந்த அதே 1976-இல், மே மாதத்தில், தான்சானியா அரசாங்கம் கூட்டுறவு யூனியன்களைக் கலைத்துவிட்டது. ஊழல், திறமைக்குறைவு என்று காரணம் கூறப்பட்டது. சில யூனியன்களைப் பொறுத்தவரை அது பொய்யும் அன்று. பயிருக்கொரு அரசாங்க வாரியம் நேரே கிராமங்களில் கொள்முதல் செய்யத் தொடங்கிற்று. பட்டுவாடா தாமதமாயிற்று, விளைச்சலை எடுத்துச் செல்ல லாரி வரவில்லை, பருத்தி விதைப்பு குன்றியது. 1982-இல் சட்டம் இயற்றிக் கூட்டுறவுகளுக்கு மறுபடியும் இடம் கொடுத்தார்கள். நோயுள்ள சங்கத்தைத் தணிக்கை செய்து திருத்தலாம். கலைத்துவிட்டுப் பின்னர் அங்கத்தினரின் நம்பிக்கையை ஆணையிட்டு வரவழைக்க இயலாது. இந்தக் குற்றத்துக்குச் சீனம் பொறுப்பன்று. தான்சானியா தன் கையாலேயே செய்துகொண்டது. ஆயினும் கடன் கணக்கில் இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அயலான் கொடுத்த ஆலைக்குப் பஞ்சு அனுப்பவும், அயலான் போட்ட பாதைக்குச் சரக்குத் திரட்டவும் வேண்டிய அமைப்பு, தேவை மிகுந்த வேளையில் இல்லாமற் போயிற்று.

இதற்கிடையே 1978-79-இல் உகாண்டாவுடன் போர், எண்ணெய் விலையேற்றம், உதிரிப்பாகங்கள் வாங்கவும் செலாவணி இல்லை. ஆண்டுக்கு 20 லட்சம் டன் சுமக்கத் திட்டமிட்ட இருப்புப்பாதை அந்த அளவை ஒருபோதும் எட்டவில்லை. ரொடீஷியப் படையினர் 1979-இல் ஜாம்பியாவிலுள்ள சம்பேஷி பாலத்தைத் தகர்த்தனர். பின்னர் தென்னாப்பிரிக்கா விடுதலை அடைந்து தெற்கு வழி தடையின்றித் திறந்துகொண்டதும், பாதையின் அரசியல் தேவையே குறைந்தது. 2014-15 நிதியாண்டில் அது சுமந்த சரக்கு ஒரு லட்சம் டன்னுக்கும் கீழே. உராஃபிக்கி ஆலையோ 1996-இல் கூட்டு நிறுவனமாக மாற்றப்பட்டு, 51 சதவீதப் பங்கு சீனத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கும், 49 சதவீதம் தான்சானியாவுக்கும் ஆயிற்று. நண்பராக வந்தவர் முதலாளியாகத் திரும்பி வந்தார். ஊதியம் போதவில்லையென்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மேலை நாடுகளின் பழைய துணிகளும், சீனத்தில் அச்சிட்ட 'கித்தெங்கே' துணிகளும் சந்தையை நிறைத்தன. ஒரு கையால் கட்டிக்கொடுத்த ஆலையை மறு கையால் அனுப்பிய துணி நெருக்கியது. தான்சானியாவின் பஞ்சில் பெரும்பகுதி இன்றும் பஞ்சாகவே ஏற்றுமதியாகிறது. சீனத்திலிருந்து அந்நாடு வாங்குவது, சீனத்துக்கு விற்பதைப் போலப் பல மடங்கு.

இவ்வளவும் கேட்டபின், சீனத்துக்கு மட்டுமே ஆதாயம் என்று எண்ணுவாரும் உண்டு. ராஜதந்திரத்தில் சீனம் ஆதாயம் கண்டது உண்மையே. 1971 அக்டோபர் 25-இல் ஐக்கிய நாடுகள் சபையில் சீனத்துக்கு இடமளித்த தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடுகளில் தான்சானியாவும் ஒன்று. ஆப்பிரிக்க வாக்குகள் அன்று திரளாக விழுந்தன. எனினும் 1981-இல் சபையின் பொதுச் செயலாளர் பதவிக்குத் தான்சானியாவின் சலீம் அகமது சலீம் நின்றபோது, எதிர்த்து நின்ற குர்ட் வால்ட்ஹைமைச் சீனம் சுற்றுக்குச் சுற்று ரத்து வாக்கால் தடுத்தது. சலீமை அமெரிக்கா தடுத்ததால் அவரும் வரவில்லை. ஆனால் நட்பு ஒருதலையாக இருந்ததென்று இதைப் படித்தவர் சொல்லார்.

அண்மைக் காலக் கடன்களின் தன்மை வேறு. ம்த்வாராவிலிருந்து டார் எஸ் சலாமுக்கு எரிவாயு கொணரும் குழாய் 2015-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சீன வங்கி தந்த 120 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் வட்டியுள்ள கடன். 2013-இல் ஷி ஜின்பிங் வந்தபோது கையெழுத்தான பகமோயோ துறைமுகத் திட்டம் இதனினும் பெரிது. ஆயிரம் கோடி டாலர் என்று பேசப்பட்டது. 99 ஆண்டுக் குத்தகை, 33 ஆண்டு உத்தரவாதம், போட்டித் துறைமுகம் கட்டத் தடை என்ற ஷரத்துக்களைச் சுட்டிக்காட்டி, பித்துப் பிடித்தவனே இதற்கு ஒப்புவான் என்ற கருத்தில் ஜனாதிபதி ஜான் மகுஃபுலி 2019-இல் அதை நிறுத்தி வைத்தார். மகுஃபுலியின் ஆட்சி முறையில் நாம் வெறுப்பவை பல உண்டு. ஆனால் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்ட இந்தச் செயலைக் குறைகூற மாட்டோம். அதனால் நட்பு முறிந்துவிடவில்லை. அவருக்குப் பின்வந்த சாமியா சுலுஹூ ஹசன் 2021-இல் பேச்சை மீண்டும் தொடங்கப்போவதாக அறிவித்தார். 2022 நவம்பரில் சீனம் சென்று, தம் நாட்டு அவகாடோப் பழத்துக்கு அங்கே சந்தை பெற்றுத் திரும்பினார். டார் எஸ் சலாமிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் புதிய இருப்புப்பாதையின் முதற்பகுதிகளைத் துருக்கிய நிறுவனத்திடமும், ஏரிப்பக்கத்துப் பகுதியைச் சீன நிறுவனங்களிடமும் கொடுத்திருக்கின்றனர். ஒரே கடையில் கணக்கு வைத்துக்கொள்ளாத குடும்பத்தின் சாமர்த்தியம் அது.

இப்போது பழைய இருப்புப்பாதைக்கே வருவோம். 2025 செப்டம்பரில் சீனக் கட்டுமானக் கழகமொன்றுடன் முப்பதாண்டுச் சலுகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 140 கோடி டாலர் செலவில் பாதையைப் புதுக்கி, அக்கழகமே நடத்தவும் செய்யும். இம்முறை இது உதவியன்று. போட்ட முதலைச் சரக்குக் கட்டணத்திலிருந்து எடுக்கும் வியாபாரம். செம்புதான் அதிகக் கட்டணம் தரும் சரக்கு. எனவே செம்பு ரயில்களுக்கு முதலிடம் கிடைக்கும் என்பதை ஊகிக்க ஜோதிடம் வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பாதையில் வேறொரு ரயிலும் உண்டு. கிலோம்பெரோ பள்ளத்தாக்கின் சிறு நிலையங்களில் எல்லாம் நின்று, அரிசி மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு செல்லும் சாதாரணப் பயணிகள் ரயில். செம்புக்காகப் போட்ட பாதையை நாற்பது ஆண்டுகளாகத் தம் ஊர்ப் பாதையாக்கிக்கொண்டவர்கள் அதில் செல்லும் சிறு விவசாயிகளும் பெண் வியாபாரிகளுமே. இத்தனை ரயில் வாரந்தோறும் ஓடும், இந்த இந்த நிலையங்களில் நிற்கும், மூட்டைக்குக் கட்டணம் இதற்கு மேற்படாது என்று மூன்று வரி அந்த ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். அந்த மூன்று வரியைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பெய்ஜிங்கைச் சேர்ந்ததன்று. டார் எஸ் சலாமைச் சேர்ந்தது. டார் எஸ் சலாம் மறந்தால், அதை நினைவூட்டக் கிலோம்பெரோவில் நெல் விளைவிப்போரின் சங்கங்கள் இன்று இருக்கின்றன.