விசா வாங்கும் முன் தொழிலை வாங்குங்கள்!

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி என்ன? "பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்பதுதான். எந்தத் தொழில் படிக்கப் போகிறான் என்று கேட்பவர் அபூர்வம். களமருதூரானாலும் உளுந்தூர்பேட்டையானாலும் இதே நிலைதான். மாமா ரியாத்தில் இருக்கிறார், மச்சான் குவைத்தில் இருக்கிறார், ஒரு விசா அனுப்புவார், போனால் பிழைத்துக் கொள்வான்!

பிழைத்துக் கொள்வான், மறுக்கவில்லை. எப்படிப் பிழைக்கிறான் என்பதுதான் கேள்வி. கையில் தொழில் இல்லாமல் விமானம் ஏறும் வாலிபன் அங்கே லோடுமேன், கிளீனர், கடைப் பையன். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே வேலை. அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ஏ.சி. மெக்கானிக் அவனை விடக் கூடுதல் சம்பளம் வாங்குகிறான். இருவருக்கும் ஒரே வெயில், ஒரே குப்பூஸ். வித்தியாசம் ஒரு சான்றிதழ்!

அந்த லோடுமேன் வேலைக்காக நாம் கொட்டும் பணம் எவ்வளவு? 1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்ட விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. நம்மிடம் லட்சத்துக்குக் குறைத்துப் பேசுகிற ஏஜென்ட் உண்டா? ரசீது கேட்டால் முகம் மாறிவிடும். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். ஆளனுப்புவதற்கென்றே தமிழக அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டு ஏஜென்டிடம் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகனின் படிப்புக்கு வங்கிக் கடன் வாங்கலாமே என்றால், "அது வட்டி, ஹராம்" என்று ஒதுங்குகிறோம். நல்லது, ஒதுங்கத்தான் வேண்டும். ஆனால் அதே மகனின் விசாவுக்காகத் தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறதே, அங்கே வாங்குவது வட்டி இல்லையா? படிப்புக்கு மட்டும்தான் நமக்கு மார்க்கம் நினைவுக்கு வருமா?

வளைகுடாவும் பழைய வளைகுடா அல்ல. எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆகிய வேலைகளுக்கு வருபவர்கள் இந்தியாவிலேயே திறன் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் விசா என்ற முறையைச் சவூதி அரேபியா கொண்டு வந்துவிட்டது. "போய்க் கற்றுக் கொள்ளலாம்" என்ற காலம் முடிகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் நிலை இன்னும் மோசம். அவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். பாஸ்போர்ட். சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்க விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே போய் மாட்டிக் கொண்டால் கேட்க நாதியில்லை.

அப்படியானால் என்ன செய்வது? வழி பக்கத்திலேயே இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. வெல்டர் படிப்பு ஒரு வருடம், எட்டாம் வகுப்புப் போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் இரண்டு வருடம். "ஐ.டி.ஐ.யா? கௌரவக் குறைவு" என்பார்கள் சிலர். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவன் பொறியியல் கல்லூரியிலும் அப்படியே சேரலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தாவூத் நபிக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான், கவசத்தின் வளையங்களை அளவு பார்த்துச் செய்யக் கட்டளையிட்டான் என்று குர்ஆன் சொல்கிறது. மன்னராக இருந்த நபி செய்த இரும்பு வேலை நமக்குக் கௌரவக் குறைவாகிவிட்டதா?

உள்ளூரிலும் வாசல் திறக்கிறது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தைவானின் பவ் சென் நிறுவனம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்றார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்த சமுதாயம் நாம். இங்கே நம் பிள்ளைகள் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறார்கள்? இயந்திரத்தைப் பழுது பார்ப்பவனும், காலணியின் மாதிரி வெட்டத் தெரிந்தவனும் வாங்கும் சம்பளம் வேறு, பெட்டி தூக்குபவன் வாங்கும் கூலி வேறு. மாதிரி வெட்டுவதைக் கற்றுத்தரச் சென்னை கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையமே இருக்கிறது.

2007-இல் போராடிப் பெற்ற 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு அரசுக் கல்வி நிலையங்களுக்கும் அரசு வேலைகளுக்கும் உண்டு. விண்ணப்பமே போடாதவனுக்கு 3.5 இருந்தால் என்ன, 35 இருந்தால் என்ன? சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றுகூடப் பலர் பார்ப்பதில்லை. கடைசி நாளில் இ-சேவை மையத்தில் போய் நிற்கிறோம்!

வியாபாரப் பெருமக்களே! கடைக்கு ஆள் வேண்டும் என்று பத்தாவது படிக்கும் பையனைப் பாதியில் இழுக்காதீர்கள். அவன் தேர்வை முடிக்கட்டும், பிறகு மாலை நேர வேலை கொடுங்கள். ஒரு வலிமாவுக்கு நீங்கள் செலவழிக்கும் தொகையில் எத்தனை பையன்களுக்குச் சீருடை, கருவிப் பெட்டி, பஸ் செலவு, திறன் தேர்வுக் கட்டணம் எல்லாம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் பைத்துல்மாலில் இதற்கென்று தனிக் கணக்கு வைத்து, வட்டியில்லாக் கடனாகவே கொடுக்கலாம். வேலைக்குப் போனதும் மாதத் தவணையில் திருப்பித் தரட்டும். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு ஊரில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் எதில் சேரப் போகிறார் என்பதைப் பெற்றோரை உட்கார வைத்துக் கேளுங்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பம் பத்தாம் வகுப்பு முடிவையொட்டியே தொடங்கிவிடும்.