அப்பாவின் கடிகாரம் ஓடட்டும்!

வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். அடித்தட்டில், பழைய ரசீதுகளுக்கு நடுவே, ஒரு கைக்கடிகாரம் கிடக்கும். வார் அறுந்திருக்கும். கண்ணாடி மங்கியிருக்கும். முள் என்றைக்கோ நின்று போயிருக்கும்.

அது அப்பா கட்டிய கடிகாரம். தாத்தா கட்டியதாகவும் இருக்கலாம். பல வீடுகளில் அது "எச்.எம்.டி. ஜனதா"வாக இருக்கும்.

ஜனதா என்றால் மக்கள். பெயருக்கு ஏற்ற கடிகாரம்தான். மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பான் நாட்டு சிட்டிசன் கம்பெனியின் உதவியுடன், 1961-ம் ஆண்டு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். பிறகு ஆசிரியர், ரெயில்வே ஊழியர், மில் தொழிலாளி எல்லோர் கையிலும் அது ஏறியது. எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு மாமனார் போட்ட கடிகாரமும் அதுதான்.

2016-ம் ஆண்டு அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. கம்பெனி போய்விட்டது. கடிகாரமும் போக வேண்டுமா?

தாயின் ஆசை

நண்பர் ஒருவர், காலமான தம் தந்தையின் ஜனதாவை ஒரு பெரிய கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்கிவிடலாம், சார்" என்றார்.

நண்பர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"புதுசு யாருக்கப்பா வேண்டும்? விடிந்ததும் உன் அப்பா இதற்குச் சாவி கொடுப்பாரே, அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்க வேண்டும்" என்றார் அந்தத் தாய்.

மறுநாள் நண்பர் பஸ் நிலையம் பக்கம் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

"தம்பி, இதற்குப் பெரிய நோய் ஒன்றும் இல்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது. அவ்வளவுதான்" என்றார்.

நான்கு நாளில் கடிகாரம் ஓடியது. செலவு சில நூறு ரூபாய்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஜனதாவுக்கு பாட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகும். அது மெல்ல மெல்ல விரியும்போது சக்கரங்கள் சுழலும். சக்கரங்களின் முனை தேயாமல் இருக்க, சிறு கற்கள் பதித்திருப்பார்கள். டயலில் "17" என்று போட்டிருப்பது அந்தக் கற்களின் எண்ணிக்கை.

கல்லுக்கும் முனைக்கும் நடுவே ஊசிமுனை அளவு எண்ணெய் வேண்டும். சில ஆண்டுகளில் அது காய்ந்து, தூசியோடு சேர்ந்து பசை ஆகிவிடும். கடிகாரம் நின்றுவிடும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புது எண்ணெய் விட்டுப் பூட்டினால் மறுபடி ஓடும். இதுதான் சர்வீஸ்.

உதிரிப் பாகம் கிடைக்குமா? கிடைக்கும். ஜனதா, பைலட் போன்ற பல எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு உள் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றே. ஓடாத கடிகாரம் ஒன்றின் சக்கரம் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும். ஆகையால் உடைந்த கடிகாரத்தையும் குப்பையில் போடாதீர்கள்.

ஏமாறாமல் இருக்க

நீண்ட நாள் நின்ற கடிகாரத்துக்கு வீட்டில் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் முனை தேயும்.

கடையில் முதலில் கேளுங்கள்: "முழுக்கக் கழற்றிக் கழுவுவீர்களா?" மேலாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுப்பது சர்வீஸ் ஆகாது. அந்தக் கடிகாரம் விரைவில் மறுபடி நின்றுவிடும்.

கூலியை முன்பே பேசுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

டயலுக்குப் புது வர்ணம் பூச வேண்டாம். அப்பா பார்த்த டயல் அப்படியே இருக்கட்டும். புத்தம் புதிதுபோல மின்னும் பழைய கடிகாரத்தை யாராவது விற்க வந்தால், வர்ணம் பூசியதா என்று யோசித்து வாங்குங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு, தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓரிரு நிமிஷம் முன்பின்னாக ஓடினால் கவலைப்படாதீர்கள். அதன் வயதுக்கு அது மன்னிக்கத்தக்கதே.

கை இருக்கும்போதே...

நண்பர் கிளம்பும்போது பெரியவர் சொன்னாராம்: "என் மகன் இந்த வேலைக்கு வரவில்லை, தம்பி. எனக்குப் பிறகு இந்தக் கடையில் செல்போன்தான் விற்கும்."

நாம் போனால்தான் அந்தக் கடை நடக்கும். கடை நடந்தால்தான் ஒரு பையனாவது பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்பான். நாம் கொடுக்கும் சில நூறு ரூபாயில் ஒரு கடிகாரமும் பிழைக்கிறது. ஒரு தொழிலும் பிழைக்கிறது.

இன்று பீரோவைத் திறந்து தேடுங்கள். நாளை காலை அந்தக் கடை திறந்திருக்கும்.