ஓரி: பெயர் சொன்னதும் நாணிய வள்ளல்

கிரேக்கக் கதைகளில் ஓரியன் என்றொரு வேட்டைக்காரன் வருவான். அவன் பெயர் வானத்தில் ஒரு விண்மீன் கூட்டத்துக்கு ஆயிற்று. இன்று நாசாவின் விண்கலத்துக்கும் அதே பெயர். நம்ம கொல்லிமலையிலும் ஒரு வேட்டைக்காரர் உண்டு: வல்வில் ஓரி. பெயர் ஒலிப்பதைப் பார்த்து இருவரையும் முடிச்சுப் போடாதீர்கள். அது வெறும் தற்செயல்.

கடையேழு வள்ளல்களில் ஒருவர் இந்த ஓரி. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில் அவர் வேட்டையாடுகிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என ஒவ்வொன்றாகத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அந்த வழியாக வந்த பாணர் கூட்டத்துக்கு, இவர் யாரோ பெரிய ஆள் என்று சந்தேகம். பாடத் தொடங்குகிறார்கள். பாட்டில் ‘கோ’ என்று, அதாவது அரசன் என்று, வந்ததும் மனிதர் நாணிப்போகிறார்! பிறகு இறைச்சி, மது, பொன் என்று வாரிக் கொடுக்கிறார்.

புகழ்ந்தால் கூச்சப்பட்ட அந்த மனிதரின் பெயரை வேறு யாரெல்லாம் சுமந்தார்கள் தெரியுமா? முதல் ஆள் அவருடைய குதிரை. அதற்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. எதிரி மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். அந்தக் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், கொன்றவரும் வள்ளல் பட்டியலில் இருக்கிறார், கொல்லப்பட்டவரும் இருக்கிறார்.

மலை கைமாறியது. ஆனால் காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் இன்றும் கேட்பது ஓரியின் பெயர்தான். செம்மேட்டில் அவருக்குச் சிலை உண்டு. ஆடி 17, 18 தேதிகளில் அரசே வல்வில் ஓரி விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கும்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏனோ இந்தப் பெயரை வைக்க மாட்டோம். பாரி எத்தனையோ வீடுகளில் இருக்கிறார். ஓரி? ஆண் நரிக்கும் அந்தச் சொல் உண்டு என்பதாலோ என்னவோ! அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டே: முதிர்ந்த தேனில் படரும் நீல நிறம். மலைத்தேனுக்குப் பேர்போன ஊர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? உங்கள் வீட்டில் ஒரு குட்டி ஓரி இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.