குட்டி யானைக்குக் கூண்டு கட்டினால் குற்றமா?

பங்குனி மாதம் எங்கள் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோவிலில் பூச்சொரிதல் நடக்கும்போது, சுற்று வட்டார ஊர்களிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகளைப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் சிமெண்டும் செங்கல்லும் சுமந்த வண்டியா இது என்று சந்தேகம் வந்துவிடும். முன்பக்கம் அம்மன் படம், சுற்றிலும் சீரியல் பல்பு, வாழை மரம், மாவிலைத் தோரணம். ஓட்டுகிறவனும் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருப்பான்.

சென்ற வருடம் என் பேரன் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, ஜப்பான்ல பூச்சொரிதல் வண்டி பாருங்க" என்றான். பார்த்தால் அசல் லாரிதான். உடம்பு முழுக்க விளக்கு, பளபளக்கும் எவர்சில்வர் தகடு, பக்கவாட்டில் அலையும் மீனும் தெய்வமுமாக ஓவியம். திருவிழாவுக்காகச் செய்ததல்ல. தினமும் சரக்கு ஏற்றுகிற வண்டியாம். இதற்கு அங்கே 'டெகோட்டோரா' என்று பெயர். அலங்கார லாரி என்று பொருள். அதிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரிக்க விசாரிக்க, நம் வணிகர்களின் கழுத்தைப் பிடிக்கும் ஒரு பிரச்சினைக்கு அங்கே வழி செய்து வைத்திருப்பது தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் மோகம் அமெரிக்காவில் தொடங்கியது. 1930களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எஞ்சினைப் பலப்படுத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அதற்கு 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பழக்கங்கள் பலவற்றோடு இதுவும் ஜப்பானியரைப் பிடித்துக்கொண்டது. யோகோஹாமா துறைமுக நகரில் 1992 முதல் ஹாட் ராட் வண்டிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்து வருகிறது. அலங்கார லாரியோ அந்த நாட்டிலேயே பிறந்தது. 1970களில் வடகிழக்குக் கடலோரத்திலிருந்து மீன் ஏற்றி வந்த லாரிகளில் உப்பு நீர் பட்டுத் துருப்பிடித்த இடங்களை மறைக்கத் தகடு அடித்ததில் தொடங்கியது என்று சொல்கிறார்கள். பிறகு 1975 முதல் 1979 வரை லாரி ஓட்டுநர்களைக் கதாநாயகர்களாக வைத்துப் பத்து சினிமாப் படங்கள் வரிசையாக வந்தன. அவ்வளவுதான், நாடு முழுக்கப் பரவிவிட்டது. சினிமா பார்த்துக் கெட்டுப்போவது நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது!

நம்மிடம் இந்தக் கலை இல்லையா? நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் போய்ப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு அங்கேதான் உடம்பு கொடுக்கிறார்கள். மரம் எந்த இடத்தில் வர வேண்டும், இரும்பு எந்த இடத்தில் வர வேண்டும், டிரைவர் படுக்க இடம் எவ்வளவு என்பதெல்லாம் பட்டறைக்காரருக்கு அத்துப்படி. லாரியின் முதுகில் போர்வெல் எந்திரத்தை ஏற்றி இந்தியா முழுக்க அனுப்புகிற ஊர் திருச்செங்கோடு. பஸ் பாடி என்றால் கரூர். பெயிண்டர் கடைசியாக வந்து குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, பின்னால் கண் திருஷ்டிப் பூதத்தையும் வரைந்தால்தான் வண்டி வெளியே வரும். இந்தத் தொழிலை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரிய லாரி வாங்குகிறவர் சேஸிஸ் வாங்கி, தன் சரக்குக்குத் தக்கபடி விதிக்கு உட்பட்டு பாடி கட்டி, அதன் பிறகு பதிவு செய்கிறார். அது சட்டப்படி சரி. ஆனால் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் வாங்குவது சிறிய லோடு வண்டி. 2005இல் 'டாடா ஏஸ்' வந்த நாளிலிருந்து நாம் 'குட்டி யானை' என்று செல்லமாகக் கூப்பிடும் ரகம். அது கம்பெனியிலேயே தொட்டியோடு வந்து, அப்படியே பதிவாகிவிடுகிறது. தொட்டியின் உயரமோ முழங்காலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நாம் ஏற்றுவது என்ன? பொரி மூட்டை, அப்பளக் கட்டு, பிளாஸ்டிக் குடம், முறுக்கு பாக்கெட் அட்டைப்பெட்டி. எடை கிடையாது, இடம் மட்டும் அடைக்கும். ஆகவே உள்ளூர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து நான்கு பக்கமும் கம்பிக் கூண்டு கட்டிக்கொள்கிறோம். பதிவுக்கு முன்னால் நாமக்கல்லில் கட்டினால் அது பாடி. பதிவுக்குப் பின்னால் கீரனூரில் கட்டினால் அது குற்றம்!

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. உற்பத்தியாளர் குறித்து, ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி, கூண்டு வேண்டாம் என்று கயிற்றால் கட்டி உயர அடுக்கினால், சரக்கு அளவுக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று வேறு பிரிவில் 20,000 ரூபாய். நான்கு மூட்டை பொரியில் என்ன லாபம் கிடைக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அபராதத்தை விடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வண்டி குளத்தூர் அருகே ஒரு புளியமரத்தில் மோதி, முன்பக்கம் நொறுங்கிவிட்டது. டிரைவருக்கு ஆண்டவன் புண்ணியத்தில் காயம் அதிகமில்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். நொறுங்கிய முன்பக்கத்தைப் பார்க்கு முன் பின்பக்கக் கூண்டைத்தான் பார்த்தார். கூண்டும், பின்னால் கூடுதலாகப் போட்டிருந்த ஸ்பிரிங் பட்டையும் ஆர்.சி.யில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஏழு மாதம் நடையாய் நடந்தேன். கடைசியில் கால் பங்கைக் கழித்துக்கொண்டுதான் பணம் வந்தது. கூண்டுக்கும் மரத்தில் மோதியதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்பிரிங் பட்டை விஷயத்தில் சர்வேயர் பேரில் தப்பில்லை. அது பொரிக்காகப் போட்டதல்ல. அரிசி மூட்டை அதிகம் ஏற்றுவதற்காகப் போட்டது.

இந்த வித்தியாசத்தை நாம்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எடைக்காகச் செய்யும் மாற்றம் ஒன்று, இடத்துக்காகச் செய்யும் மாற்றம் ஒன்று, அழகுக்காகச் செய்யும் மாற்றம் ஒன்று. முதலாவது ஆளைக் கொல்லும். பட்டையைக் கூட்டினால் வண்டி தாங்கும், பிரேக் தாங்குமா? எங்கள் பக்கம் கல் குவாரி அதிகம். பலகையை உயர்த்தி ஜல்லி ஏற்றிக்கொண்டு திருச்சி – புதுக்கோட்டை சாலையில் வரும் டிப்பர்களின் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும் அந்தப் பயம். 2018இலேயே மத்திய அரசு பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்திக் கொடுத்துவிட்டது. அதற்கு மேலும் பலகை உயர்த்துகிறவருக்காக நம் சங்கம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது என் கருத்து. முன்னால் அடித்துக்கொள்ளும் இரும்புக் கம்பித் தடுப்பும் அப்படித்தான். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதை அகற்றச் சொன்னபோது நம்மில் பலர் முணுமுணுத்தோம். மோதும்போது அது வண்டியைக் காப்பாற்றுகிறது, எதிரே நடந்து வருகிறவனைக் காப்பாற்றுவதில்லை. ஏர் ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பவர்களும் நாம்தானே!

ஜப்பான்காரர்கள் இங்கேதான் கெட்டிக்காரர்கள். அங்கேயும் சைலன்சரை மாற்றிக்கொண்டு கூட்டமாகத் தெருவை அலற வைத்த 'போசோசோகு' பையன்கள் இருந்தார்கள். 1978இல் சாலைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டமாகச் சேர்ந்து ஆபத்தாக ஓட்டுவதையே தனிக் குற்றமாக்கினார்கள். ஆனால் வண்டியை மாற்றுவதற்கு அடியோடு கதவைச் சாத்திவிடவில்லை. 1995இல் விதிகளைத் தளர்த்தினார்கள். மாற்றத்தால் நீளம் 3 சென்டிமீட்டர், அகலம் 2 சென்டிமீட்டர், உயரம் 4 சென்டிமீட்டர் என்ற அளவுக்குள் வித்தியாசம் இருந்தால் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம் என்று ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் விண்ணப்பம் போட்டு, வண்டியை நிறுத்திக் காட்டி, பரிசோதனையில் தேறினால் புதிய அளவைச் சான்றிதழில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பரிசோதனை கடுமைதான். அதற்காக அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேயும் உண்டு. நாம் எஃப்.சி.க்கு முதல் நாள் கூண்டைக் கழற்றி மறுநாள் மாட்டுகிறோமே, அதே கதைதான். என்றாலும் நேர்மையாகப் போகிறவனுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இங்கே வாசலே இல்லையா என்றால், இருக்கிறது. எரிவாயு கிட் பொருத்தினால் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்றலாம். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றவும் 2019 திருத்தத்தில் வழி செய்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் முடியும் என்றால் பொரிக் கூண்டுக்கு ஏன் முடியாது? கூண்டின் உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, கம்பியின் கனம் இவ்வளவு, போல்ட் இத்தனை என்று அரசே ஒரு மாதிரி வரைபடம் கொடுக்கட்டும். கட்டணமும் வாங்கிக்கொள்ளட்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஆர்.சி.யில் ஏறிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரருக்கும் நமக்கும் சண்டையில்லை. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் கழற்றி மாட்டி, போல்ட் ஓட்டை பெரிதாகி, ஓடும்போது கூண்டு ஆடுகிறதே, அந்த ஆபத்தும் போகும்.

இப்போது உயரத் தொட்டி வைத்த மாதிரியும், தொட்டியில்லாமல் கேபின் மட்டும் உள்ள மாதிரியும் சில கம்பெனிகள் தருகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் டீலரின் பேச்சில் மயங்காமல், தங்கள் சரக்கு என்ன, அதன் உயரம் என்ன என்பதைச் சொல்லி, பதிவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். பதிவான பிறகு நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கடைப் பெயரைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று வெள்ளை வண்டியைச் சிவப்பாக்கிவிட்டு, பிறகு விற்கப் போன இடத்தில் முழித்தவர்களை நான் அறிவேன்.

நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்று சொல்லும் ஊர் எங்களுடையது. சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்ற வணிக நகரம் இங்கே இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அன்று பொதி மாட்டுக்குக் கொம்பில் குப்பியும் கழுத்தில் மணியும் கட்டிய வணிகன்தான் இன்று லாரிக்குக் குஞ்சம் கட்டுகிறான். குஞ்சத்தை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் எனக்கு உண்டு.

அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கூண்டு விஷயத்தை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டு மாவட்டத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். லோடு வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் ஆர்.சி. நகலையும், கூண்டின் உயரத்தை அளந்து எழுதிய தாளையும் கிளைச் செயலாளரிடம் கொடுத்தால், எத்தனை வண்டிகள், என்னென்ன சரக்கு என்ற கணக்கோடு போக்குவரத்து ஆணையருக்கு மனு கொடுக்கலாம். எங்கள் வண்டியில் அந்த ஸ்பிரிங் பட்டையைச் சென்ற மாதமே கழற்றிவிட்டேன். கூண்டு 4 அடி 2 அங்குலம். அதை எழுதிக் கொடுத்தாயிற்று.