வந்தவன் யார், வரவழைத்தவன் யார்?

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் வட மாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு குவிந்து கிடந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போகிறவர்களும் இருந்தார்கள். பயந்து போகிறவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டிக் கொல்லுகிறார்கள் என்று சொல்லிச் சில வீடியோப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்துகொண்டிருந்தன.

அவை என்ன படங்கள்? ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த அடிதடி. மற்றொன்று, கோவைவாசிகளான இரு கோஷ்டிகளுக்கிடையே நடந்த மோதல். இதை அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபுவே பகிரங்கமாக அறிவித்தார். பீகார் சர்க்கார் அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிற்று. பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன.

பொய் அம்பலமாயிற்று, நல்லது. ஆனால் அந்தப் பொய்யை விதைக்க நிலம் பண்பட்டுக் கிடந்ததே, அது எப்படி? அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் ஒரு தகராறு நடந்தது. வடக்கத்தித் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிறார்கள் என்று அதையும் படம் பிடித்துப் பரப்பினார்கள். உடனே "படையெடுப்பு", "ஆக்கிரமிப்பு" என்ற கூச்சல் கிளம்பியது. பாட்னாவில் ஒருவன் தமிழனைக் காட்டிப் பயமுறுத்தினான். இங்கே ஒருவன் பீகாரியைக் காட்டிப் பயமுறுத்தினான். இருவருக்கும் சரக்கு ஒன்றே.

இவர்களை விட்டுவிடுவோம். நமக்குக் கவலை அளிப்பது வேறு. அனுப்பர்பாளையத்திலோ, பல்லடத்திலோ, கணபதியிலோ ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் காதில் விழும் பேச்சு இது: "வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டானுங்க." இப்படிச் சொல்லுகிறவன் இனவெறியன் அல்ல. இருபது வருஷம் டெய்லராக உழைத்தவன். பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம் கட்ட முடியாதவன். "சகோதரத்துவம் பேசு" என்று அவனுக்கு உபதேசம் செய்துவிட்டு எழுந்து போவது கம்யூனிஸ்டுகளின் வேலை அல்ல. கூலி கெட்டது உண்மை. கெடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

திருப்பூரின் சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். 1984-ல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து தொழிலாளி பாடம் கற்றதைவிட முதலாளி அதிகம் கற்றுக்கொண்டான். ஒரே கூரையின் கீழ் ஆயிரம் பேரை வைத்திருந்தால் சங்கம் வரும், கொடி வரும் என்று கண்டான். வேலையைத் துண்டு துண்டாக்கினான். கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், செக்கிங், அயர்ன் வேறோரிடம். மாதச் சம்பளம் போய்ப் பீஸ் ரேட் வந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கான்ட்ராக்டர் வந்து உட்கார்ந்தான். எட்டு மணி நேர வேலை "ஒன்றரை ஷிப்ட்" ஆயிற்று. அப்போது திருப்பூரில் பீகாரி எங்கே இருந்தான்? ஒடியா எங்கே இருந்தான்? கூலியின் இடுப்பை ஒடித்து முடித்த பிறகுதான் அவன் ரயிலேறி வந்தான்.

அவனுக்கு முன்னால் வந்தவர்கள் யார் என்பதையும் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தேனி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு வந்தார்கள். அவர்களையும் "தெக்கத்தியான்" என்று ஒதுக்கி வைத்த ஊர்தான் இது. வாடகைக்கு வீடு கொடுக்க யோசித்தவர்கள் உண்டு. இன்று அந்தத் தெக்கத்தியாரின் பிள்ளைகள் திருப்பூர்க்காரர்களாகிவிட்டார்கள். அவர்களில் சிலரே "வடக்கன்" என்று பேசவும் கற்றுக்கொண்டார்கள்!

வடக்கிலிருந்து வருகிறவன் எப்படி வருகிறான்? அவனாக முகவரி விசாரித்துக்கொண்டு வந்தவனும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஏஜெண்டு ஒருவன் ஊரிலேயே முன்பணம் கொடுத்து அழைத்து வருகிறான். கம்பெனி வளாகத்துக்குள்ளேயே தங்கல். சோற்றுக்கும் படுக்கைக்கும் சம்பளத்தில் பிடித்தம். ஞாயிற்றுக்கிழமைதான் வெளிவாசல். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்க அவனுக்கு மொழி தெரியாது. கேட்டால் ஊருக்கு டிக்கெட். இவனை மலிவாக்கியது இவன் பிறந்த இனமா, இவனைப் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடா? நமது முப்பாட்டன்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அவர்களை இட்டுச் சென்றவனுக்குக் கங்காணி என்று பெயர். அவர்கள் தலையில் ஏறிய கடனும் இதே முன்பணம்தான். ஜார்க்கண்ட் ஆதிவாசிகளை அஸ்ஸாம் தோட்டங்களுக்கு ஓட்டிச் சென்றவனுக்கு அர்காட்டி என்று பெயர். இன்று அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர்கள் நமது வால்பாறைக்கு வந்து கொழுந்து பறிக்கிறார்கள். வால்பாறைப் பிள்ளைகள் மலையிறங்கிக் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி வருகிறார்கள். எஸ்டேட் கூலி இருவருக்குமே போதவில்லை என்பதைத் தவிர இதில் மர்மம் ஏதுமில்லை.

நெருக்கடி வரும்போது இந்த ஏற்பாடு எப்படித் தீப்பிடிக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்லுகிறோம். தோழர்கள் இதைக் கிளைகளில் விரிவாகவே பேச வேண்டும்.

1930 மே மாதம், ரங்கூன் துறைமுகம். உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்ட நேரம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் பெரும்பாலும் ஆந்திரக் கடலோரத்திலிருந்து போன தெலுங்குத் தொழிலாளர்கள். கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கான்ட்ராக்டர்கள் என்ன செய்தார்கள்? வேலையில்லாமல் அலைந்த பர்மியர்களைக் கூட்டி வந்து வேலையில் வைத்தார்கள். சில நாட்களில் பழைய தொழிலாளர்களோடு சமரசம் ஏற்பட்டது. மே 26-ந் தேதி காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்த பர்மியர்களிடம், "இனி நீங்கள் வேண்டாம், போகலாம்" என்றார்கள். ஒரே இடத்தில், ஒரே வேலைக்கு, இரண்டு பட்டினிக் கூட்டங்கள் நேருக்கு நேர் நின்றன. கேலிப் பேச்சு அடிதடியாயிற்று, அடிதடி கொலையாயிற்று. நகரெங்கும் பரவிய கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். இருவரையும் மாற்றி மாற்றி விலைபேசிய கான்ட்ராக்டர்களின் பேர் அந்தச் சண்டையில் யார் வாயிலும் வரவில்லை.

அந்த மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன்பட்ட பர்மிய விவசாயிகளின் நிலம் நமது நாட்டு லேவாதேவிக்காரர்களின் கைக்கு மாறியது. 1930-களின் பிற்பகுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார் கம்பெனிகளிடம் இருந்தது. பர்மிய விவசாயியின் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அடி விழுந்தது வட்டிக்கடை மேல் அல்ல, கூலிக்காரன் முதுகில். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே வந்து வழியில் செத்தவர்களில் கூலிகளே அதிகம்.

இலங்கையைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. அந்நியர் என்பதுதான் சொன்ன காரணம். சொல்லாத காரணம், 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் ஓட்டு அவர்களது சங்கத்துக்கும் இடதுசாரிகளுக்கும் விழுந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆடுமாடு பிரிப்பதைப் போல் பிரித்தார்கள். அங்கே "கள்ளத்தோணி" என்று பேர் வாங்கியவர்கள் இங்கே நீலகிரிக்கு வந்ததும் "சிலோன்காரன்" ஆனார்கள். நமது மலைக்கு வந்த தமிழனையே நாம் அந்நியப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம்.

பம்பாயில் நடந்தது மில் தொழிலாளர் ஊரான கோவைக்கு இன்னும் நெருக்கமானது. 1966-ல் பிறந்த சிவசேனை, "மதராசிகள் மராட்டியரின் வேலையைப் பறிக்கிறார்கள்" என்று கூவிக்கொண்டு நமது மக்களின் கடைகளைத் தாக்கியது. ஆனால் அதன் பிரதானக் குறி உடுப்பி ஓட்டல் அல்ல, செங்கொடிச் சங்கம். பரேல் மில் வட்டாரத்தின் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. தோழர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூன் 5-ந் தேதி படுகொலை செய்யப்பட்டார். அவர் மதராசி அல்ல, மராட்டியர். அந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனைக்கு முதல் எம்.எல்.ஏ. கிடைத்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1982-ல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் மகத்தான வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்களைக் கைதூக்கிவிட ஒன்றுபட்ட சங்கம் இல்லை. போராட்டம் தோற்றது, மில்கள் ஒவ்வொன்றாக மூடின, மில் நிலங்களில் மாடமாளிகைகள் எழுந்தன. மண்ணின் மைந்தன் என்று மார்தட்டிய மராட்டியத் தொழிலாளிக்கு அந்த மண்ணில் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 24-ந் தேதி இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். கம்பெனிகள் மூடின, கான்ட்ராக்டர்களின் போன்களும் மூடின. "விருந்தினர் தொழிலாளர்" என்று சர்க்கார் அறிக்கைகள் அழகான பேர் சூட்டின. விருந்தினர்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். ரயில் விடு என்று தெருவுக்கு வந்தார்கள். அடுத்த சில மாதங்களில் அதே கம்பெனிகள் அவர்களைத் திரும்ப அழைத்துவரப் பஸ் அனுப்பின! நெருக்கடி என்றால் விரட்டு, ஆர்டர் வந்தால் அழை. உள்ளூர்த் தொழிலாளியிடமும் இந்தச் சூத்திரத்தைத்தான் கையாளுகிறார்கள். அவனுக்கு ரயில் டிக்கெட் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நமது சரக்குகளுக்கு 50 சதவிகித வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர்கள் தடைப்பட்டன, ஷிப்டுகள் குறைந்தன. வரி போட்டவர் டிரம்ப். எல்லாத் தீமைக்கும் குடியேறியவர்களே காரணம் என்று தம் நாட்டு மக்களுக்குச் சொல்லி ஓட்டு வாங்கியவர் அவர். அந்த வரியால் இங்கே வேலையிழந்தவன், "பீகாரியால் எனக்கு வேலை போச்சு" என்று சொன்னால் டிரம்புக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன இருக்க முடியும்?

இப்போது "வங்கதேசத்தவன்" என்ற புதுப் பேச்சும் கிளம்பியிருக்கிறது. 2025 ஜனவரியில் திருப்பூர் வட்டாரத்தில் ஆவணமின்றித் தங்கியதாக வங்கதேசத்தவர் பலர் கைது செய்யப்பட்டார்கள். சட்டப்படி விசாரிக்கட்டும். ஆனால் அந்தச் சாக்கில், முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் வந்த நமது நாட்டுத் தொழிலாளியை, வங்காளி பேசுகிறான், பேர் முஸ்லிம் பேர் என்பதற்காகச் சந்தேகிப்பதை நாம் ஏற்க முடியாது. 2025-ல் டில்லியிலும் குர்காவ்னிலும் ஒடிசாவிலும் அதுதான் நடந்தது. டாக்காத் தொழிலாளியும் நமக்கு விரோதி அல்ல. 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டவர்கள் புதைந்தபோது அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது ஐரோப்பிய, அமெரிக்கக் கம்பெனிகளின் உடுப்பு. டாக்கா விலையைக் காட்டித் திருப்பூரை மிரட்டுவதும், திருப்பூர் விலையைக் காட்டி டாக்காவை மிரட்டுவதும் அந்தக் கம்பெனிகளே.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1979-ல் வந்த மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் பேருக்குத்தான் அமலில் இருந்தது; இருந்தாலும் ஐந்து பேரை அழைத்து வந்த கான்ட்ராக்டர்கூட அதில் மாட்டினான், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. 2020-ல் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலாக்கிய தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கியது. இடப்பெயர்ச்சிப் படியைக் காணோம். வடக்கத்தியானுக்குச் சலுகை காட்டுகிறது டில்லி என்று சொல்லித் திரிகிறவர்கள் இதை ஏன் பேசுவதில்லை?

நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாக லட்சக்கணக்கானவர்கள் நம் கண்ணெதிரே வேலை செய்கிறார்கள். எத்தனை பேரைச் சங்கத்தில் சேர்த்தோம்? "அவன் வரமாட்டான், பயப்படுவான், இன்றைக்கு இருப்பான் நாளைக்குப் போவான்" என்று நமது கூட்டங்களிலேயே கைவிரிக்கிறோம். கேட் கூட்டத்தில் தமிழில் மட்டும் பேசிவிட்டு வருகிறோம். பக்கத்து மெஷினில் இருப்பவனுக்குக் கூலி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், அந்த ஒப்பந்தத்தை முதலாளி மதிக்க வேண்டிய அவசியம் என்ன?

ஆகவே, இந்தி, ஒடியா, வங்காளி மூன்றிலும் கூலி விவரத்தை அச்சடித்து ஒவ்வொரு பனியன் கம்பெனி வாசலிலும், பவுண்டரி வாசலிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் காதர்பேட்டையிலும் கொடுக்கும் வேலையை உடனே தொடங்க வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது கான்ட்ராக்ட் ஆளுக்கும் பொருந்தும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் ஒரு பீகார்த் தோழரோ ஒடியாத் தோழரோ உட்கார வேண்டும். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற சாக்கு வேண்டாம். பம்பாயில் பிழைத்து, "மதராசி" என்று பேர் வாங்கி, இந்தி கற்றுக்கொண்டு திரும்பிய பெரியவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். கிளைத் தோழர்கள் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும்.